இரண்டாவது சிலிண்டர்

சின்ன வயதிலேயே போலியோ வந்து என் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அதற்காக இப்போது அழப்போவதில்லை, அழுது முடித்து வெகுகாலம் ஆகிறது. சொல்ல வந்தது என் காரைப் பற்றி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய பெட்ரோல் காரை நான் கையாலேயே ஓட்டினேன். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் சேர்த்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு லிவர், கிளட்சுக்குக் கியர் தடியிலேயே ஒரு பிடி. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பொருத்திக் கொடுத்தார்கள். அந்தப் பட்டறை இப்போது இல்லை.

முன்பு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வைத்திருந்தேன். முதுகு வளைய ஆரம்பித்ததும், அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, யாரையும் கெஞ்சாமல் நான் தெருவைத் தாண்ட வேண்டுமானால் இந்தக் கார் ஒன்றுதான். பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறவன் நான். வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்று ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிளம்பிவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓட்டிப் போய், எங்காவது நிழலில் நிறுத்தி, டீயைக் காருக்கே வரவழைத்துக் குடித்துவிட்டுத் திரும்புவேன். அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் ஒருவருக்கும் பாரமில்லை.

போன ஆடிக் காற்றில் ஒருநாள் வண்டி குலுங்கியது. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டால் மெக்கானிக், "பழைய வண்டின்னா அது எரியத்தான் செய்யும் அண்ணாச்சி, கண்டுக்காதீங்க" என்றான். எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது? அவனுக்கு அது ஒரு வண்டி, எனக்கு அது கால். வந்த எரிச்சலில் போனோடு சேர்ந்து வேலை செய்யும் ஸ்கேனர் ஒன்றை ஆன்லைனில் வாங்கிப் போட்டேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகினால், வண்டியில் என்ன கோளாறு என்பது ஒரு நம்பராகப் போனில் வந்துவிழும். அந்தச் சாக்கெட் வரைக்கும் என்னால் குனிய முடியாது. என் மனைவிதான் கதவோரம் மண்டியிட்டுச் செருகினாள்.

பி 0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம். எனக்கு ஒரே சந்தோஷம். நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டால் பாதி குணமான மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். பார்த்ததைச் செய்வதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டும், அது அவள்தான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டாள்.

"ஏட்டி, பிளக்குக்குக் கரண்டு குடுக்குற காயில் இருக்குல்லா, அதுல ரெண்டாவதக் கழட்டி மூணாவதுல மாட்டு. மூணாவத ரெண்டாவதுல மாட்டு."

"மாட்டுனா என்ன ஆகும்?"

"கோளாறு காயில்ல இருந்துச்சுன்னா, நம்பர் மூணாவது சிலிண்டருக்கு மாறிரும். மாறலன்னா காயில் நல்லாருக்குன்னு அர்த்தம்."

"நல்லாருக்கதக் கண்டுபிடிக்கவா நான் இந்த வேகாத வெயில்ல கெடக்கேன்?"

"பேசாம மாட்டுட்டி."

"சோத்த வடிக்காம காயில மாட்டிக்கிட்டு நிக்கேன். எங்கம்மா பாத்தா தலையில அடிச்சுக்குவா."

மாட்டினாள். நம்பர் மாறவில்லை. பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பார்த்தோம், மாறவில்லை. முழங்கை வரைக்கும் கரியோடு அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று பார்த்தாள். அதுதான் எனக்கு ஆகாது. காபி கேட்டு ஒரு சத்தம் போட்டேன்.

அடுத்து மெக்கானிக்கை வரவழைத்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டச் சொன்னேன். விளக்கு அணைந்தது. அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பும்வரை எரியவே இல்லை. வாயெல்லாம் பல்லாக வீடு வந்து சேர்ந்தேன். மறுபடி கிளம்பியபோது வன்னியம்பட்டி விலக்கு தாண்டவில்லை, எரிந்துவிட்டது.

அந்தப் போன் ஆப்பில் நம்பரை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் விளக்கு அணைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். தெர்மாமீட்டரை உதறி வைத்தால் காய்ச்சல் போய்விடுமா? தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் அமுக்கினேன். அழித்துவிட்டுக் கிளம்புவேன், வன்னியம்பட்டி வரைக்கும் நிம்மதியாகப் போவேன். கொஞ்ச நாளில் ஊர் எல்லையிலேயே எரிந்தது. பிறகு பஸ் ஸ்டாண்ட் தாண்டுவதற்குள். கடைசியில் எங்கள் தெருமுனை திரும்பும்போதே எரிந்தது. இதற்கு நடுவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது, கீழே ஒரு சொட்டு ஒழுகாமல். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

"நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா என்ன செய்வீங்க? எறங்கித் தள்ளுவீங்களா?" என்று ஒருநாள் அவளே கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கே மெக்கானிக்கை மறுபடி வரச் சொன்னேன்.

அவன் இந்தத் தடவை அழுத்தம் பார்க்கும் மீட்டரோடு வந்தான். செத்த நேரம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்தான். "ரெண்டாவதுல அமுக்கமே இல்ல அண்ணாச்சி. தண்ணியும் உள்ளதான் எறங்குது. இன்ஜின் ப்ளாக்கே வெடிச்சிருக்கு."

"வேற இன்ஜின் போட்டா?"

"போடலாம். பதினஞ்சு வருசம் முடியப் போகுதுல்லா, பொறவு வண்டி ஓட்டலாம்னு ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சி எடுக்கணும். அடியில பாத்தீங்களா? துரு தின்னு ரோடே தெரியுது. பாஸாகாது. இதுக்கு மேல காசக் கொட்டாதீங்க."

நான் அடியில் எப்படிப் பார்ப்பேன்? அவன் போன பிறகு மனைவியை ஸ்கேனரைச் செருகச் சொல்லி இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அதே 0302. முதல் நாளிலிருந்து அது ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் வேறு பதில் வராதா என்று தொங்கிக்கொண்டிருந்தேன். புது வண்டி வாங்கிக் கை லிவர் வைக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவன் நான், அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பழைய இரும்புக்காரர்கள் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள். லிவரைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டார்கள். எதற்கு? வேண்டாம் என்றேன். வண்டி தெருமுனை திரும்பியதும் அழுதுவிட்டேன். மனைவி பக்கத்தில் வராமல் உள்ளேயே இருந்தாள், அந்த மட்டுக்கும் புண்ணியம்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, தங்கமான பையன். மில்லில் வேலை, சொந்தமாகக் கார் வைத்திருக்கிறான். எங்கே போகவேண்டுமென்றாலும் ஒரு போன் போட்டால் போதும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். நாலு சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆனபோது, வீம்பை விட்டுப் போன் போட்டேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போகணுமே."

"அதுக்கென்ன அத்தான், போவோம். லீவு சொல்லிட்டு வாரேன். என்ன வேலையா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ஒரு டீ குடிக்க என்று எப்படிச் சொல்வது? அதற்காக ஒருத்தன் லீவு போடுவானா? "பேங்க்ல கொஞ்சம் வேலை" என்றேன். அங்கே எனக்குப் பழைய கணக்கு ஒன்று சும்மா கிடக்கிறது.

பேங்க் வாசலில் படி உயரம். மச்சினன் என்னை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஏறினான். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "புதுசா என்ட்ரி ஒண்ணும் இல்லையே சார்" என்றாள்.

"தெரியும்மா. சும்மா ஒரு தடவ பாருங்க" என்றேன். அவள் பார்த்தாள். அவன் மறுபடி என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். லீவு போட்டு வந்தவனை டீ குடிக்க நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது, நேரே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

"போன வேல முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

முடிந்தது என்றேன். அடுத்த தடவைக்கு வேறு ஏதாவது வேலை யோசித்து வைக்க வேண்டும்.