கோட்டைக் கதவைத் திறந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே மும்பையிலேயே, செம்பூருக்குப் போயிருந்தேன். என்னோடு முறுக்குக் கொட்டகையில் வேலை பார்த்த பேச்சியக்காவின் மகள் மேகவல்லி கூப்பிட்டிருந்தாள். பஸ் ஏறியதிலிருந்து கேஸ் அடுப்பை மூடினோமா என்று எனக்குக் கவலை. திரும்பிப் போய்விடலாமென்று சயானில் பாதி இறங்கி, கண்டக்டர் திட்டியதும் மறுபடி ஏறினேன். அவள் வீட்டு மேசையில் டீக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கட்டு இருந்தது. ஏழு பாகம். எங்கள் காலத்து மாயாஜாலத் தொடர் புது அட்டையோடு மறுபடி வந்திருக்கிறது.

“என் பேரு வந்த கதை சித்தி. அம்மா இருந்தா எவ்ளோ குஷ் ஆயிருப்பாங்க. எனக்குத்தான் தமிழ் படிக்க வராதே, நீங்க வாசிங்க” என்றாள்.

நான் புத்தகத்தைத் தொடாமல் டீயை எடுத்துக்கொண்டேன். காரணத்தை உங்களிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதுப் புத்தகத்தில் பசை வாசனை. நாங்கள் படித்த பிரதியிலோ ஓமமும் எண்ணெயும் மணக்கும். தாராவியில் கைமுறுக்குச் சுற்றும் கொட்டகையில் நாங்கள் ஆறு பெண்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் அங்கே எழுத்துக் கூட்டாமல் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாட்டுங்காவில் ஒரு வாடகைப் புத்தகக் கடையிலிருந்து பாகம் பாகமாக எடுத்து வருவேன். மதியம் மாவு பிசைந்ததும் நான் வாசிக்க வேண்டும். எண்ணெய்க் கை புத்தகத்தில் படக்கூடாது என்று என் பங்கையும் மற்றவர்களே சுற்றிவிடுவார்கள். இதைவிட ராஜபோகம் உண்டா? என் முறுக்கு ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை, அது வேறு விஷயம்.

நாலாம் பாகம் ஓடும்போது பேச்சியக்காவுக்குப் பெண் பிறந்தது. கதையில் உப்புக்கோட்டை இளவரசி மேகவல்லி பூதங்களை விரட்டிக்கொண்டிருந்த சமயம். அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். எனக்கு எதிலும் முடிவு தெரியாவிட்டால் நெஞ்சு படபடக்கும். அதனால் ஆறாம் பாகத்தை மாட்டுங்காவிலிருந்து திரும்பும் ரயிலிலேயே முன்கூட்டிப் புரட்டினேன். அதில் மேகவல்லி உயிருக்குப் பயந்து பூதங்களுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறாள். அண்ணன்மார் மூவரும் சாகிறார்கள்.

மறுநாள் பேச்சியக்கா சேலைத் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே, “வாசிட்டி, எம்மவ என்ன செய்தான்னு பாப்போம்” என்றாள். கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு வாயால் வேறு கதை சொன்னேன். கதவைத் திறந்தது ஒரு வேலைக்காரி என்றேன். மேகவல்லி ஒற்றையாக நின்று கோட்டையைக் காத்தாள் என்றேன். அந்த வேலைக்காரியை ஐந்து பேரும் வாய் வலிக்கச் சபித்தார்கள். இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். அது உண்மையில்லை. கதை கசந்துபோனால் வாசிப்பை நிறுத்தி என்னை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்த ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க ஏழாம் பாகம் முழுவதையும் நானே கட்ட வேண்டியதாயிற்று.

பெண் அதைக் கேட்டே வளர்ந்தாள். ஊசிக்கு அழுதாலும், பரீட்சைக்கு நடுங்கினாலும், “ஏட்டி, கோட்டைய ஒத்தையில காத்தவ பேரு ஒனக்கு” என்பாள் அக்கா. நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். இன்று அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா போய் ஒரு வருஷமாகிறது. கடைசிவரை நான் சொல்லவில்லை.

ஞாயிறன்று அவள் ஆறாம் பாகத்தை நீட்டி, கோட்டையைக் காத்த இடத்தை மட்டும் வாசிக்கச் சொன்னாள். பழைய வித்தை நாக்கு நுனிவரை வந்தது. செத்துப்போனவள் மகளிடமுமா என்று நினைத்ததும் நாக்கு மடங்கிவிட்டது. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். பிறகு நான் செய்ததையும் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். “மத்லப்... அப்படின்னா, அம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாதும்மா.”

புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தாள். எழுந்து போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்போ நீங்க வாசிச்சதச் சொல்லுங்க சித்தி. அதானே அம்மா கேட்ட கதை. எனக்கு அது வேணும்.”

வாயைத் திறந்தேன். மேகவல்லி மதில்மேல் நின்றாள் என்று தொடங்கினேன். சரி, எதைக் கொண்டு பூதங்களைத் தடுத்தாள்? எத்தனை நாள் நின்றாள்? ஏழாம் பாகத்தில் என்னதான் ஆயிற்று? ஒன்றுகூட நினைவில் இல்லை. அன்றைக்குக் கேட்ட ஐவரில் அக்காவோடு சேர்த்து மூவர் போய்விட்டார்கள். ஒருத்தி அம்பர்நாத்தில் மகன் வீட்டில் ஆள் அடையாளம் தெரியாமல் படுத்திருக்கிறாள். இன்னொருத்தி எங்கே போனாளென்று தெரியாது. எழுதியவர் கதை ஏழு பாகமும் மேசையில் இருக்கிறது. நான் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை.

அவள் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.