அக்காவுக்கு வரைந்த செம்பு

ஸ்மார்ட் வாட்சுக்கு முகப்பு வரைவது என் பிழைப்பு. மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில், சுவரோடு சுவர் ஒட்டிய தெராஸ் வீடு ஒன்றின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, யார் யாரோ மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப்போகும் முள்ளையும் எண்ணையும் வரைந்துகொண்டிருப்பேன். கேட்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே படாது. "மணி காட்டுறதுதானே, அதுல வரையறதுக்கு என்னா இருக்கு?" என்பார்கள். நிறைய இருக்கிறது. அந்தச் சின்னத் திரையில் ஒளிரும் ஒவ்வொரு புள்ளியும் பேட்டரியைத் தின்னும். கறுப்பாக விட்ட புள்ளி அணைந்தே கிடக்கும், அதற்குச் செலவில்லை. வினாடி முள் ஓடினால் வாட்ச் வினாடிதோறும் விழிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை விழித்தால் போதும். எதையெல்லாம் வரையாமல் விடலாம் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வையுங்களேன்.

நான் வரைந்தவற்றில் கடைக்கே போகாத முகப்பு ஒன்று உண்டு. அதை என் அக்காவுக்காக வரைந்தேன். உலகத்தில் ஒரே ஒரு கையில்தான் அது ஓடியது.

அக்கா கெமாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தாள். அத்தான் அங்கே எண்ணெய் ஆலைக்குப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீடுகளில் பாதியில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள், மிச்சத்தில் நம் ஆட்கள் நாலைந்து குடும்பம். சர்க்கரை வியாதி அக்காவின் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரித்துத் தின்றிருக்கிறது. தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குப் போய் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டதால், குடிக்கும் தண்ணீர் வெளியே வர அந்த மெஷினை விட்டால் வேறு வழி கிடையாது. டாக்டர் ஒரு சின்ன மினரல் வாட்டர் போத்தலைத் தூக்கிக் காட்டி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். தேத்தண்ணி, ரசம், குழம்பு, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். மீறினால் நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டும். உயிரே போகலாம்.

செம்பனைக் காட்டு வெயிலில் இருந்துகொண்டு அவ்வளவு தண்ணீரில் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள். அக்கா ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். எலுமிச்சைத் துண்டை நாக்கில் தேய்த்துக்கொள்வாள். தாகத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளால் முடியாமல் போனது மறுப்பது. தோட்டத்தில் யார் வீட்டு வாசலை மிதித்தாலும் ஒரு கிளாஸ் ஏதாவது கையில் வந்துவிடும், வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். "என்னா, எங்க ஊட்டுத் தண்ணிய குடிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டால் அக்கா வாங்கிவிடுவாள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீரைச் சீவிக்கொண்டு வருவார்கள். சிறுநீரகம் கெட்டவளுக்கு இளநீர் விஷம் என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அதனால் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். குடிப்பதைக் கணக்கு வைக்கும் முகப்பு ஒன்றை ஏற்றியிருந்தேன். யாரோ செய்தது, திரை முழுக்க நீல அலை அடிக்கும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாளே பேட்டரி செத்துவிட்டது. சார்ஜ் போடக் கழற்றினால் அக்கா அதை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோவாள். கையில் இல்லாத வாட்சுக்கு எப்படிக் கணக்குச் சொல்வது? சொல்லாமலேயே குடித்தாள். அந்த வாரம் மெஷினில் அவ்வளவு தண்ணீரையும் ஒரே மூச்சில் இழுத்ததில் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டு கத்தியிருக்கிறாள். கழற்றத் தேவையில்லாத முகப்பாக நானே ஒன்று செய்வது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

அவள் வீட்டு அடுப்படியில் மடிக்கணினியை விரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தோம். நான் மெல்லிய வளையம் ஒன்று வரைந்து காட்டினேன்.

"வளையம்லாம் வேணாண்டா. எனக்குச் செம்பு வேணும்" என்றாள்.

"எதுக்குச் செம்பு?"

"மத்தவங்க பாத்தா புரியணும்லா. வளையத்தக் காட்டி நான் என்னான்னு சொல்லுவேன்? செம்புல தண்ணி தீந்துபோச்சுன்னு காட்டுனா யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க."

அவள் கேட்டது தன் கண்ணுக்கான முகப்பு இல்லை, எதிரில் கிளாஸை நீட்டிக்கொண்டு நிற்பவரின் கண்ணுக்கான முகப்பு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் விடவில்லை. "செம்பு முழுக்க கலர் ஊத்துனா பேட்டரி தாங்காதுக்கா. கோடு மட்டும் போடுறேன், உள்ள கறுப்பா விட்டுருவேன்."

"விடு விடு. என்னை மாதிரி காஞ்சு கெடக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செம்பின் விளிம்பு ஒரு கோடு. தண்ணீர் மட்டம் இன்னொரு கோடு. காலையில் செம்பு தானாக நிறையும், குடிக்கும்போதெல்லாம் திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால் கோடு இறங்கும். நீலம்தான் பேட்டரியை அதிகம் தின்னும் நிறம் என்பதால் தண்ணீரைப் பச்சையில் போட்டேன். "பச்சத்தண்ணின்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். நிறத்தை அவளே மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தேன். வெள்ளிக்கிழமை சிவப்பு, மற்ற நாள் பச்சை. நாடித்துடிப்பு பார்க்கும் உணரியை அணைத்தேன். மெஷினில் படுத்திருக்கும்போது நேரம் நகர மாட்டேன் என்கிறது, ஓடுகிற முள் ஒன்றாவது வேண்டும் என்று கெஞ்சினாள். கையைத் தூக்கிப் பார்க்கும்போது மட்டும் வினாடி முள் வந்து போகும்படி செய்தேன். இடது கையில் ஊசி ஏறும் இரத்தக்குழாய் இருந்ததால் வாட்ச் வலது கையில். சிகிச்சை நடக்கும்போது இடது கையை அசைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அதைப் பதிய எந்த விரலால் அமுக்குவது? அக்கா மூக்கால் அமுக்கினாள். பக்கத்துப் படுக்கைச் சீனக் கிழவர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாராம். அடுத்த வாரம் பொத்தானை அவள் மூக்குக்குத் தோதாகப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரம் தாண்டி ஓடியது. என் தொழிலில் அதை யாரிடமாவது சொல்லிப் பெருமை அடித்திருக்கலாம். அக்காவிடம்தான் அடித்தேன். அவளும் ஊர் முழுக்க அடித்தாள். யாராவது கிளாஸை நீட்டினால் மணிக்கட்டைத் திருப்பி, "நான் குடிச்சிருவேன், இது வேணாங்குதுலா" என்பாள். செம்பு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர்களே கிளாஸை எடுத்துக்கொண்டு போவார்கள். கால் வீக்கம் வடிந்தது. டயாலிசிஸ் சென்டரில் மிஸி, அதாவது நர்ஸ், பாராட்டினாள். அந்த மாதங்களில் என் அக்கா பிழைத்துக்கொள்வாள் என்று நான் நம்பினேன். எதுவரை என்று யோசிக்கவில்லை, பிழைத்துக்கொள்வாள் என்று மட்டும் நம்பினேன்.

பிறகு தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா வந்தது.

தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்துவிடுவார்கள். சிரம்பான், கோலாலம்பூர், ஜொகூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த கார்கள் செம்பனை மரங்களுக்கு நடுவில் வரிசை கட்டி நிற்கும். கோயில் முன்னால் தண்ணீர்ப் பந்தல் போடுவது அக்கா கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் பொறுப்பு. இந்த வருஷம் வேண்டாம் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. நீல டிரம்மில் மோர், அதில் ஐஸ், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. தண்ணீர் குடிக்க முடியாத ஒருத்தி வெயிலில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலோ அன்றைக்கு இருந்த களை நான் நெடுநாளாகப் பார்க்காதது.

மாலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். செம்பில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அசந்துபோனேன். இந்த வெயிலில் இவ்வளவு கட்டுப்பாடா என்று நினைத்தேன். அவளும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய், மிச்சமிருந்ததை முறையாக அமுக்கி அமுக்கித் தேத்தண்ணியும் ரசமும் தண்ணீருமாகக் குடித்து முடித்திருக்கிறாள். விடிவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. அத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மெஷினில் போட்டு நீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன். "பாதிக்கு மேல இருந்துச்சே? நேத்து பந்தல்ல எதாச்சும் குடிச்சியா?"

தலையாட்டினாள். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "மோரு" என்றாள்.

"ஏன் அமுக்கல?"

"அது அம்மன் மோருடா. அதப் போயி எப்படிடா கணக்குல அமுக்குறது?"

முதல் குடம் மோரை அம்மனுக்குப் படைத்துவிட்டு டிரம்மில் கலப்பார்கள். அப்புறம் அந்த டிரம் முழுக்கப் பிரசாதம். தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் நோய் தெரியும். தேத்தண்ணி கொடுத்தால் தப்பு என்று தெரிந்த அத்தனை பேரும், "அம்மன் மோருக்கா, ஒண்ணும் செய்யாது" என்று அவள் ஊற்றிக் கொடுத்ததிலிருந்தே ஆளுக்கு ஒரு மடக்கு அவளுக்கு நீட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் வாட்சைக் காட்ட அவளுக்குக் கை வரவில்லை. சாமி கொடுத்ததை மெஷினைக் காட்டி மறுப்பாளா என் அக்கா? அம்மன் கொடுத்தது ஒரு பக்கம், டாக்டர் கொடுத்தது ஒரு பக்கம். இரண்டாவது கணக்கில் அவள் ஒரு சொட்டுக்கூட ஏமாற்றவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் மேல், அந்த ஊர் மேல், கையில் சூலத்தோடு சும்மா உட்கார்ந்திருந்த அம்மன் மேல். அத்தான் என் தோளைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "உடு மச்சான். கொடுத்தவங்களும் பிரியத்துலதான் கொடுத்தாங்க" என்றார். அது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. யாரையாவது திட்டித் தீர்த்திருந்தால் ஆறியிருக்கும்.

நீர் இறங்கியது, இருதயம் தேறவில்லை. வீங்கி வீங்கி வடிந்ததில் அது களைத்துப்போயிருந்தது. அடுத்து நுரையீரலில் கிருமி பிடித்தது. வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று படுக்கைக்கு மேலே அட்டை மாட்டினார்கள். வாட்சைக் கழற்ற வந்த மிஸியிடமிருந்து அக்கா கையை இழுத்துக்கொண்டாளாம், அவர்களும் விட்டுவிட்டார்கள்.

ஒரு நண்பகல், பார்வையாளர் நேரத்தில், டாக்டர் அத்தானைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அத்தான் நேரே கீழே கேன்டீனுக்குப் போய் ஒரு கப் பாலும் கரண்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். உயிர் பிரியும் முன் சொந்தக்காரர்கள் வாயில் பால் விடுவது நம் வழக்கம். மிஸி மலாய்க்காரப் பெண், அவளுக்கு அது புரிந்திருந்தது. அட்டையை ஒரு தடவை பார்த்தாள், பிறகு திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

அத்தான் முதலில் விட்டார். அடுத்து நான். அக்காவின் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கரண்டி பட்டதும் கண்ணைத் திறந்தாள், வாயையும் திறந்தாள். மாஸ்க்கைப் பிடித்திருந்த என் கைக்குக் கீழே அவள் மணிக்கட்டு இருந்தது. நாள் கணக்கில் ஒன்றும் குடிக்காததால் செம்பு விளிம்புவரை நிறைந்திருந்தது. என் கண் பழக்கத்தில் அங்கே போனது.

"குடிக்கா" என்றேன். "எல்லாம் இருக்கு. வேணுங்கிற மட்டும் குடி."

பால் உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்து காதோரம் போனது. துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி விட்டேன். அவள் விழுங்கப் பார்த்தாள், தொண்டை ஒரு தடவை அசைந்தது, அதுவும் வெளியே வந்துவிட்டது. கப்பில் பால் அப்படியே இருந்தது. அத்தனை மாதம் ஒரு வாய் தண்ணீருக்கு என் முகத்தைப் பார்த்தவளுக்கு அன்றைக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அவளால்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை.