நான் சுரண்டி எறிந்த கண்ணாடி

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வாசித்து முடித்தபின் நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். இத்தாலியில், பலெர்மோ என்ற தீவு நகரில் வீட்டுவேலை செய்யும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு: அழுக்கைக் கண்டால் விடமாட்டார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் மலைமேல் இருந்த ஒரு தெருவையே காலியாக்கினேன்.

வியா மக்வேதாத் தெருவில் நான் பராமரித்துவந்த, சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் வயதான அம்மாவின் சொந்த ஊர், தீவின் நடுவே ஒரு களிமண் மலையின் தலையில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, அங்கே என்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பலெர்மோவுக்கு வருவார். உயிர்த்த ஞாயிறுக்கு முன் போய்த் திறப்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. காரில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "இந்த முறை நான் திரும்பி வரமாட்டன். சாகிறதெண்டால் என்ரை கட்டிலிலை கிடந்து சாகவேணும்." அவர் சொன்னது இத்தாலியனில்தான். என் காதுக்குள் நுழைந்தால் எல்லோரும் யாழ்ப்பாணத்தார் ஆகிவிடுவார்கள்.

போய்ச் சேர்ந்ததும் அவர் களைப்பில் படுத்துவிட்டார். குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதற்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் சாந்து அப்பி ஒட்டிய ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு, புகையும் தூசியும் ஏறிக் கறுத்துப்போய். யாரோ ஒரு சோம்பேறி மேசன் விட்டுவிட்டுப் போன குப்பை என்று நினைத்தேன். போனில் மனைவியோடு கதைத்தபடியே ஒரு பூச்சுக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினேன்.

"என்னப்பா அங்கை கரகரெண்டு சத்தம்?"

"ஒரு சுவருக்கு உயிர் குடுக்கிறன்."

"முதல் சாப்பிடுங்கோ. சுவர் ஓடிப்போகாது."

கண்ணாடி இரண்டு துண்டாகக் கையில் வந்தது. பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் எறிந்துவிட்டு, வெடிப்பை அடைத்து, வெள்ளை பூசி, சற்றுத் தள்ளி நின்று என் கைவண்ணத்தை நானே ரசித்தேன்.

சிஞ்ஞோரா எழும்பி வந்து சுவரைப் பார்த்தார். நான் பாராட்டுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் மெல்லக் கதிரையை இழுத்து இருந்தார்.

"கண்ணாடி எங்கை?"

"எறிஞ்சிட்டன், சிஞ்ஞோரா."

"நீ கை வைக்கேக்கை அது முழுசாய் இருந்ததோ, உடைஞ்சு இருந்ததோ?"

நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஓடிப்போய்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். குப்பை லொறி எனக்கு முன்பே வந்துபோயிருந்தது.

அந்த ஊரின் சரித்திரத்தை அன்று அந்தக் குசினியில்தான், சிஞ்ஞோராவின் வாயால் கேட்டேன். அரேபியர் வாய்க்கால் வெட்டினார்கள், நோர்மன்காரர் கோட்டை கட்டினார்கள், பிரபுக்கள் வரி எடுத்தார்கள், கந்தகச் சுரங்கம் ஆண்களைத் தின்றது. ஆனால் உண்மையில் அந்த ஊரை ஆண்டது அடியில் கிடந்த களிமண்தான். முதல் கோயில் நின்ற இடத்தில் இப்போது பாதாம் மரங்கள். அது சரிய, அதன் கல்லைப் பொறுக்கி மேலே இரண்டாவதைக் கட்டினார்கள். அதுவும் சரிய, அந்தக் கல்லிலேயே மூன்றாவது. பாதாம் பொறுக்கப் போகிறவர்கள் இன்றும் "கீழ்த்தெருவுக்குப் போறம்" என்றுதான் சொல்வார்கள். அங்கே தெரு இல்லை. மலை அசைந்தால் முதலில் உடைவது வெடிப்பில் ஒட்டிய கண்ணாடி. யாருடைய வீட்டில் உடைகிறதோ அந்த வீட்டுக்காரர் கோயில் மணியை அடிக்கவேண்டும், தெரு முழுக்க வீடுகளை விட்டு இறங்கிப் போகவேண்டும். இது ஊர் வழக்கம். கீழ்த்தெருவில் கண்ணாடி ஒரு வெதுப்பகக்காரரின் வீட்டில் இருந்தது. திருவிழாப் பாண் அடுப்பில் இருந்த நேரம் அது உடைய, பூனை தட்டிவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். தெருவை இழுத்துக்கொண்டு போக, பாண் வேகும்வரைகூட மலை காத்திருக்கவில்லை.

மேல்தெருவின் கண்ணாடி சிஞ்ஞோராவின் சுவரில் இருந்தது. மழைக்காலம் முழுக்க வீடு பூட்டிக் கிடந்ததால், அவர் வந்து கதவைத் திறக்கத்தான் தெரு காத்திருந்தது. பின்னேரம் ஒவ்வொருவராக வந்தார்கள், எல்லோரும் வயசாளிகள். ஈரச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்த கிழவர் கைத்தடியால் என் சப்பாத்தைத் தட்டினார்.

"சொல்லு தம்பி. நீ உடைச்சியோ, மலை உடைச்சுதோ?"

"என்ரை கரண்டிதான் உடைச்சிருக்கும்" என்று இழுத்தேன். அப்படிச் சொன்னால் எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள் என்று ஒரு ஆசை.

"ஓ. அப்ப இந்த முறை பூனை நீ."

வெளியே நல்ல வெயில். எங்கோ ஒரு கதவு சட்டத்தோடு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. புதுக் கண்ணாடி ஒட்டுவோம் என்றார் ஒருவர். ஒட்டினால் இனி அசைவது தெரியும், ஏற்கெனவே அசைந்தது தெரியாது என்றார் இன்னொருவர். பெருநாள் முடியட்டும் என்றார் மூன்றாமவர். சொன்ன பிறகு தானே தலையைக் குனிந்துகொண்டார்.

முடிவு வீட்டுக்காரருடையது. சிஞ்ஞோரா உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். அன்றைக்குத்தான் நான் புது விரிப்பு விரித்திருந்தேன். திரும்பி வந்தபோது தோளில் மேலங்கி இருந்தது.

"எனக்குப் படி ஏற ஏலாது. நீ போய் மணியை அடி."

அடித்தேன். கோயில் மணி அடித்துப் பழக்கமில்லாத கை. கயிறு என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கீழே வீட்டுக்கு வீடு பூட்டில் திறப்பு திரும்பும் சத்தம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடும் சனத்தை நான் முன்பும், யாழ்ப்பாணத்தில், பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரித்தான் கதவை இன்னொருதரம் தள்ளிப் பார்ப்பார்கள்.

அவர்கள் மகள்மார் வீடுகளுக்கும் மருமக்கள் வீடுகளுக்கும் சிதறிப்போனார்கள். அந்தக் கிழவர் மகளின் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே கண்ணை மூடினாராம். சிஞ்ஞோரா மறுபடியும் வியா மக்வேதாவில், ஸ்கூட்டர் இரைச்சலுக்கு மேல், மகன் வாங்கிக்கொடுத்த கட்டிலில் படுக்கிறார். இதுவரை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

போன மாதம் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தெருவாசலில் தடுப்புக் கம்பி. உள்ளே வீடுகள் நிமிர்ந்து, வெயில் காய்ந்துகொண்டு நிற்கின்றன. ஒரு ஓடுகூட நழுவவில்லை. என் நெஞ்சில் கிடந்த பாரத்தை அப்படியே அவர் மடியில் இறக்கப் பார்த்தேன்.

"பாருங்கோ சிஞ்ஞோரா, ஒண்டும் நடக்கேல்லை. நான் ஒரு மடையன், சும்மா ஒரு தெருவையே கலைச்சுப்போட்டன்."

அவர் கார்க் கண்ணாடியை இறக்காமலே மலையைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னும் நடக்கேல்லை."