முகபாவத்துக்கு இரண்டு மதிப்பெண்

சென்ற ஆண்டு மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டத் தொடங்கிய நாட்களில், புனேயின் சிஞ்ச்வட் பகுதியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் கிளப் ஹவுஸில் நடந்தது இது.

திருச்சியில் பொறியியல் முடித்து, மென்பொருள் வேலைக்காக இங்கே வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பட்டியல் போடாமல் எதையும் செய்ய வராது. ஊருக்குப் போவதென்றால் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதி, பெட்டிக்கு உள்ளேயும் ஒரு பிரதி வைப்பேன். அலுவலகத்தில் என்னைக் கேலி செய்ய இது ஒன்றே போதும்.

அந்தப் பழக்கத்தால்தான் எனக்கு அந்தப் பொறுப்பு வந்தது. என் குழுவில் வேலை பார்க்கும் ஒரு மராட்டிய நண்பர், இணையத்தில் வெளியிட ஓர் அறிவியல் புனைகதைத் தொடர் எழுதியிருந்தார். வியாழனின் நிலவு ஒன்றில் ஆறு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு புனேக்காரப் பெண். இயக்குநரும் அந்த நண்பரே. கேமரா, எங்கள் அலுவலகத்து கோயம்புத்தூர் நண்பர் ஒருவருடையது. சனி, ஞாயிறுகளில் எடுப்பது, மராத்தியும் ஹிந்தியும் கலந்து பேசுவது என்று முடிவானது. தலைவி வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

நான் முறையாகவே செய்தேன். குரல், உச்சரிப்பு, முகபாவம், உடல்மொழி, வசன நினைவு என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். வருகிற எல்லோருக்கும் ஒரே காட்சி. நிலவில் இருக்கும் தலைவி, ‘இங்கே எல்லாம் நலம், எங்களைத் தேடி வராதீர்கள்’ என்று பூமிக்கு வானொலியில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் சக ஊழியருக்கு நிலைமை தெரியக் கூடாது என்பதால் சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். உதடு சிரிக்கும், கண் சிரிக்காது. பார்க்கிறவர்களுக்குக் கண்ணில்தான் கதை. நேரில் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்று, இயக்குநர், கேமரா நண்பர், நான் மூவரும் வீட்டில் தனித்தனியாக வீடியோவைப் பார்த்தே மதிப்பெண் போடுவது என்றும் விதி வைத்தேன்.

தேர்வு நாளன்று காலை, விளக்குகளைச் சரிபார்க்க யாராவது கேமரா முன்னால் நிற்க வேண்டியிருந்தது. இயக்குநர் என்னை நிற்கச் சொன்னார். “நான் வேண்டாம், என் முகத்துக்கு உங்க லைட் பத்தாது” என்று சிரித்துக்கொண்டே நழுவி, அதே சொசைட்டியில் இருக்கும் ஒரு தோழியைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவள் நல்ல வெளுப்பு. பின்னால் வெள்ளைச் சுவர். படம் பளிச்சென்று வந்தது.

“லைட், கேமரா அமைப்பை இப்படியே பூட்டிடுங்க. வரப்போற ஒன்பது பேருக்கும் இதேதான்” என்றேன்.

கேமரா நண்பர் தயங்கினார். “ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டிக் குறைக்கோணுமுங்க.”

“கூட்டிக் குறைச்சா அது போங்கு. எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான் இருக்கணும்.”

“சரிங்க மேடம், நீங்க சொன்னா அப்பீல் ஏதுங்க?” என்று பூட்டிவிட்டார்.

ஒன்பது பேரில் ஏழாவதாக வந்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பல தலைமுறைகளுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, கர்நாடகத்தின் காட்டோர ஊர்களில் குடியமர்ந்த சித்தி சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா அங்கிருந்து தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்துவிட்டதால், இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே புனேயின் தாபோடி. பக்கத்துப் போசரியில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகர். சுருட்டை முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். நிறம் என்னைவிட நல்ல கறுப்பு. வாயைத் திறந்தால் அச்சு அசல் தாபோடி மராத்தி.

அவர் நடித்தபோது எனக்குக் கை ரோமம் சிலிர்த்தது. ‘இங்கே எல்லாம் நலம்’ என்று அவர் சொன்ன விதத்தில், சும்மா நின்றுகொண்டிருந்த இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஆனால் இரவு வீடியோவைப் பார்த்தால், வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருட்டாக ஒரு தலை. பற்கள் தெரிந்தன, கண் எங்கே என்று தெரியவில்லை. நேரில் பார்த்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதி வைத்தவளே நான்தானே? முகபாவம்: இரண்டு. மற்ற இருவரும் ஏறக்குறைய அதையே போட்டிருந்தார்கள். முதலிடம் நாடகக் குழு ஒன்றில் நடித்துக்கொண்டிருந்த வேறொரு பெண்ணுக்கு. அவரிடம் “அநேகமாக நீங்கள்தான்” என்று சொல்லியும்விட்டேன். மற்ற எட்டுப் பேருக்கும், ஒளிவுமறைவு வேண்டாம் என்று, மதிப்பெண் பட்டியலோடு வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பினேன்.

ஏழு பேர் நன்றி சொன்னார்கள். அந்தத் தாபோடிப் பெண் மட்டும் மராத்தியில் எழுதினார்: ‘தாயி, மத்ததெல்லாம் சரி. முகபாவத்துக்கு ரெண்டு எப்படின்னு புரியல. ஒரு தடவை அந்த வீடியோவைப் பாக்கலாமா?’

தாயி என்றால் அக்கா. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. தோற்றவர்கள் எல்லோரும் இப்படிக் கிளம்பி வந்தால் என்ன ஆவது? ஆனால் ஒளிவுமறைவு இல்லை என்று மார் தட்டிக்கொண்டவள் மறுக்கவும் முடியாது. சனிக்கிழமை வரச் சொன்னேன்.

அன்று காலை ஷிஃப்ட் முடிந்து, கம்பெனியின் நீல மேலங்கியோடு ஸ்கூட்டரில் வந்தவரை வாசலில் காவலர் நிறுத்திவிட்டார். உடைந்த ஆங்கிலத்தில் எந்த நாடு என்று விசாரித்து, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார். நான் கீழே போவதற்குள், காவலரைச் சித்தப்பா முறை வைத்து, மராத்தியில் பதில் ஓடிக்கொண்டிருந்தது.

“காகா, தாபோடியிலேருந்து சிஞ்ச்வட் வர எப்பலேருந்து பாஸ்போர்ட் கேக்குறாங்க? நடுவுல ஏதாவது கடல் வந்துடுச்சா?”

காவலர் முகம் சிறுத்துப் போய் உள்ளே விட்டார். “இது தினமும் நடக்கறதுதான், தாயி. டைம்தான் வேஸ்ட்” என்றபடி அவர் என்னோடு நடந்தார்.

கிளப் ஹவுஸில் கேமரா நண்பரும் இருந்தார். மடிக்கணினியில் வீடியோவை ஓட விட்டேன். அந்தப் பெண் ஒரு முறை பார்த்தார், இரண்டாம் முறை பார்த்தார். கோபமே படவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“இதுல நான் எங்க இருக்கேன்? சரியாத்தான் மார்க் போட்டிருக்கீங்க. நானா இருந்தா ரெண்டுகூடப் போட மாட்டேன்” என்றார். பிறகு கேட்டார்: “எங்க பட்டறையில ஒரு பீஸ் ஃபெயில் ஆனா, பீஸைத் தூக்கிப் போட மாட்டோம். முதல்ல அளக்கற கேஜைப் பாப்போம். காலையில சரியான அளவுள்ள மாஸ்டர் பீஸ்னு ஒண்ணை வெச்சுத்தான் கேஜை செட் பண்ணுவோம். மாஸ்டரே தப்புன்னா நல்ல பீஸெல்லாம் ரிஜெக்ட் ஆகும். இந்தக் கேமராவுக்கு யாரை மாஸ்டரா வெச்சீங்க?”

கேமரா நண்பர் தமிழில் மெதுவாக முனகினார்: “நான் அன்னைக்கே சொன்னேனுங்க. பூட்டச் சொன்னது நீங்கதானுங்களே.”

ஆமாம், நான்தான். எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தால் அது நியாயம் என்று நினைத்தேன். அந்த ‘ஒன்று’ யாருடைய முகத்துக்கு அளவெடுத்தது என்று யோசிக்கவில்லை. அதைவிட உறைத்த விஷயம் வேறு. தேர்வு நாளன்று காலை நான் நின்றிருந்தால் விளக்குகள் வேறு மாதிரி வைக்கப்பட்டிருக்கும். நான் நிற்கவில்லை. கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, குரல் மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். மேடையில் வேறொருத்தி வாயசைத்தாள். அன்றிலிருந்து யாரும் சொல்வதற்கு முன்னால் நானே விலகிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. அப்படி விலகிக்கொண்டதில் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

“இப்ப ஒரு தடவை எடுத்துப் பாத்துடலாமுங்க” என்றார் கேமரா நண்பர். வெள்ளைச் சுவரில் கருநீலப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டார். விளக்குகளைப் பக்கவாட்டுக்கு இறக்கினார். “லைட் செட் பண்ண ஒரு ஆள் வேணும்.”

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தாயி, நீங்க நில்லுங்க. இங்க என் நிறத்துக்குக் கிட்ட இருக்கறது நீங்கதான்.”

நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கேமரா நண்பர் ஒரு விளக்கை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார், பிறகு குட்டித் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் என் கன்னத்தில் ஒளி வழிந்தது. கண்கள் தெளிவாகத் தெரிந்தன. இருபத்தெட்டு வயதில் முதல் முறையாக என் முகத்தை ஒரு திரையில் முகம் சுளிக்காமல் பார்த்தேன்.

பிறகு அந்தப் பெண் வந்து நின்றார். அவருக்கென்று இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, கூட்டினோம். அதே வசனம்தான். இந்த முறை உதடு சிரிப்பதும், கண் சிரிக்காததும், கடைசியில் அந்தக் கண் ஒரே ஒரு தடவை பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் எல்லாம் பதிந்தன.

மறுநாள் வீடியோவைப் பார்க்க இயக்குநர் வந்தார். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தோம். படம் முடிந்ததும் இயக்குநர் அதைத் திரும்ப ஒரு முறை ஓட விட்டார். நல்ல மனிதர். அதனால்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“நடிப்புல குறையே இல்ல. ஆனா பாருங்க, தலைவி புனேக்காரின்னு எழுதியிருக்கேன். பாக்கறவங்க கதையை விட்டுட்டு, இவங்க எந்த நாடுன்னு யோசிப்பாங்க” என்றார் ஹிந்தியில். பிறகு முகம் மலர, “ஒண்ணு பண்ணலாம். நாலாவது பாகத்துல வேற கிரகத்து ராணி ஒருத்தி வர்றா. செம ரோல். அதைக் கொடுத்துடலாம்” என்றார்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். “வேற கிரகத்து ஆளா? அதை நான் தினமும் ரயில் ஸ்டேஷன்ல பண்றேன், சார். அதுக்கு ஆடிஷன் வேற வேணுமா?”

அப்போது கேமரா நண்பர் என் காதருகே, “வியாழனோட நிலாவுல ஆறு பேரு மூச்சு உடறத நம்புவாங்களாமா, தாபோடியில ஒரு பொண்ணு பொறந்தத நம்ப மாட்டாங்களாமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று இயக்குநர் கேட்டார். வழக்கம்போல ‘ஒன்றுமில்லை’ என்று மழுப்பியிருப்பேன். அன்று மழுப்பவில்லை. கேமரா நண்பர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் சொன்னேன். பட்டியல் என்னுடையது, தவறும் என்னுடையது, ஒன்பது பேரையும் அவரவர் முகத்துக்கு விளக்கு வைத்துத் திரும்ப எடுக்காமல் நான் யாரையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்றும் சொன்னேன்.

இயக்குநர் காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். “சரி, எடுங்க. அந்த ராணி சீனை நான் தூக்கிடறேன்” என்றார்.

திரும்ப எடுக்க இரண்டு வாரங்கள் ஆயின. முதலிடம் பெற்றிருந்த நாடகப் பெண்ணை நானே தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். “நான் என்ன தப்பு பண்ணேன்? இது எனக்கு நியாயமா?” என்று கேட்டார். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவசரப்பட்டு வாக்குக் கொடுத்தவள் நான். மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் வந்தார், நன்றாகவே நடித்தார், நான்கு மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாமிடம் ஆனார். அதன்பின் இன்று வரை என்னிடம் பேசுவதில்லை. அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது.

தலைவியாக நடித்தது அந்தத் தாபோடிப் பெண்தான். அவருடைய ஷிஃப்ட்டுக்குத் தகுந்தாற்போல எங்கள் படப்பிடிப்பு அட்டவணையை மாற்றினேன். அந்தப் பட்டியலை மட்டும் ஆறு முறை திருத்தியிருப்பேன். தொடர் ஒன்றும் ஊரைக் கலக்கவில்லை. அலுவலகத்தாரும் உறவினரும் அவரவர் நண்பர்களும் பார்த்தார்கள். முதல் பாகத்தின் கீழே யாரோ, ‘கதாநாயகி எந்த நாட்டுக்காரர்?’ என்று கேட்டிருந்தார். இயக்குநர் பதறிப் பதில் எழுதுவதற்குள் கதாநாயகியே எழுதிவிட்டார்: ‘தாபோடி. பஸ் ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.’ நாலாவது பாகம் வந்தபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆக்ஸிஜன் எத்தனை நாளைக்கு வரும் என்றுதான் கேட்டார்கள்.

படப்பிடிப்பு நடந்த எல்லா நாட்களிலும், விளக்கு வைக்க ஆள் வேண்டும் என்று கேமரா நண்பர் குரல் கொடுக்கும் முன்பே நான் போய் நின்றுவிடுவேன். இப்போது அலுவலகத்தில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் எனக்கு வந்திருக்கிறது. பட்டியல் போடுவதை நான் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு பட்டியலின் முதல் வரியிலும், இந்த அளவுகோலை யாரை நிறுத்தி வைத்து அமைத்தோம் என்று எழுதிக்கொள்கிறேன், ஒரு நாள் காலையில் சிரித்துக்கொண்டே நழுவிய என்னை நானே மறந்துவிடாமல் இருப்பதற்காக.