ஏலவார்குழலி அக்காவின் காது

ஒரகடத்தில் எங்கள் ஆலையில், பிரேக் டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டிக் கேட்டே விரிசலைக் கண்டுபிடிப்பவர் ஏலவார்குழலி அக்கா. வடக்குப்பட்டுக்காரர், வயது முப்பத்தாறு, பத்தாவது வரை படித்தவர். பதினொரு வருடத்தில் அவர் ஓகே சொல்லி அனுப்பிய டிஸ்க் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

போன தை மாதம் அவர் பிரிவில் லீடர் வேலை காலியானது. லீடர் வாராவாரம் வெளிநாட்டு எஞ்சினியர்களோடு வீடியோவில் பேச வேண்டும். அதற்காக ஒரு தேர்வு: ஒலிப்பதிவில் வரும் ஆங்கிலச் சொல்லைக் காதால் கேட்டு, ஒன்றுபோல் ஒலிக்கும் ஜோடியில் அது எந்தச் சொல் என்று சொல்ல வேண்டும். இருபதுக்குப் பதினைந்து வேண்டும். அக்கா எடுத்தது ஒன்பது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

"இன்னாக்கா, டிஸ்க்கு பேசுனா புரியுது, மனுசன் பேசுனா புரியலையா?" என்றான் பக்கத்தில் பேக்கிங் செய்யும் வசந்தகுமார்.

"டிஸ்க்கு உன்னை மாரி வளவளன்னு பேசாதுடா. வேலையைப் பாரு."

பிசகு எங்கே என்று அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். குறில் நெடில் படித்து வளர்ந்த நாம், கப்பலுக்கு ஷிப், ஆட்டுக்கு ஷீப் என்றால் ஒலி நீள்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். வேகமாகப் பேசுகிறவர் வாயில் ஷீப்பும் குறுகிவிடும். ஆனால் இரண்டின் ஓசையே வேறு. அவற்றை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால்தான் பிடிபடும்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும்போது நல்ல டிஸ்க் ஒன்றையும் விரிசல் விட்ட டிஸ்க் ஒன்றையும் தட்டிக் கேட்ட பிறகுதான் வேலை. அக்கா இதையே போனில் செய்தார். படப்பை ஷேர் ஆட்டோவில் ஒரு மாதம் முழுக்க ஷிப், ஷீப் என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

தேர்வன்று, அதை நடத்தும் பயிற்சியாளர் தமிழ்வாணனிடம், "சார், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜோடியும் ஒருதபா போடுங்க," என்றார்.

"பதிலைச் சொன்னமாதிரி ஆயிடும்மா."

"எப்படி சார் ஆவும்? விரிசல் டிஸ்க்கைத் தட்டிக் காட்டுனா, மிச்ச டிஸ்க்குல எது விரிசல்னு சொன்னதா ஆயிடுமா?"

தமிழ்வாணன், தேர்வுக்கு வந்த ஐந்து பேருக்கும் சேர்த்தே போட்டுக் காட்டினார்.

அக்காவுக்குப் பதினாறு.

"லீடர் ஆயிட்டீங்க. கெளம்புங்கம்மா," என்றார் தமிழ்வாணன்.

அக்கா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார். "தப்பான அந்த நாலையும் இன்னொரு வாட்டி போடுங்க சார். கேட்டுட்டுப் போறேன்."