ஆரோக்கியதாஸ் கண்ட பிறை

சனிக்கிழமை காலை, ஸ்கேன் படங்களைப் பார்த்து மூன்றாவது ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. எங்கள் கடலூர் ஸ்கேன் சென்டரில் பதினோரு ஆண்டுகளாக சிடி மெஷினை இயக்கிய ஆரோக்கியதாஸ் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் மனைவி சொன்னார். அழுதேன். ஆனால் அவரை நினைத்தால் அழுகையோடு நிறுத்த முடியவில்லை. ஒரு நல்ல படம் கிடைத்துவிட்டால் அந்த மனிதர் போடுகிற ஆட்டம் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் தெரியுமே!

வசந்தியின் கதையைச் சொல்கிறேன். நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயியின் மகள். ரத்தப் புற்றுநோய்க்குச் சென்னையில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடித்து வீடு திரும்பியிருந்தாள். காய்ச்சல் விடவில்லை என்று உள்ளூர் டாக்டர் எக்ஸ்ரேக்கு அனுப்பினார். நுரையீரல் சுத்தமாகத்தான் தெரிந்தது. ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆரோக்கியதாஸுக்கு ஒரு வழக்கம். “படத்தப் பாக்குறதுக்கு முன்னாடி ஆளப் பாக்கணும் மேடம்” என்பார். ஊர்க்கதை பேசாமல் யாரையும் விடமாட்டார். அன்று வசந்தியின் அப்பாவிடம், வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறார்.

“பாப்பா மேல தூசி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு சார். அதான் பழைய சுவத்த இடிச்சிட்டு அதுக்குன்னே தனி ரூம் கட்டுறோம். இடிக்கிற வேலைய பாப்பாவே பக்கத்துல உக்காந்து பாத்துக்குது” என்று அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் கிளம்பிய பிறகுதான் இவருக்கு உறைத்தது. என் அறைக்குள் வந்த வேகத்தில், “மேடம், ஓதம் ஏறின சுவத்த இடிச்சா பூஞ்ச தூளாப் பறக்கும். அந்தப் புள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல. எக்ஸ்ரேல ஆரம்பத்துல தெரியாது, சிடி போட்டுடலாம்!” என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரோட்டில் ஓடினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களை இறக்கிக் கூட்டிவந்தார்.

சிடியில், வலது நுரையீரலில் ஓர் உருண்டை. பனியில் தெருவிளக்கைச் சுற்றித் தெரிவதுபோல் அதைச் சுற்றி ஒரு மங்கல். பூஞ்சைதான்! சில நாள் போனால் அந்த மங்கல் மறைந்துவிடும், நோய் மட்டும் வளரும். உடனே சென்னைக்குப் பேசினோம். அன்றே மருந்து ஏறியது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்த படத்தில் உருண்டை பெரிதாகியிருந்தது. வசந்தியின் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆரோக்கியதாஸ் மட்டும் ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டே வந்தவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“மேடம், பிறை! பிறை பாருங்க!”

உருண்டையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு காற்றுப் பிறை. வசந்தியின் வெள்ளணுக்கள் திரும்பி வந்து பூஞ்சையை வளைத்துவிட்டன, செத்த சதை பிரிகிறது என்று அர்த்தம். உருண்டை பெரிதானதும் அதனால்தான். அவளுடைய உடம்பு ஜெயிக்கத் தொடங்கிவிட்டது! நாற்பது வயதுக்காரி நான், கைதட்டிக் குதித்தேன்.

சிதம்பரத்தில் அடக்கத்துக்கு வசந்தியும் வந்திருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் அன்னிக்கு எங்களக் கூட்டியாரச் சொல்லலன்னா நான் இல்ல மேடம். ‘மேடத்துக்குச் சந்தேகமா இருக்குதாம், வாங்க’ன்னு அந்த அண்ணன்தான் வந்து இறக்குனாரு” என்றாள்.

“நான் உன்ன வீட்டுக்கு அனுப்பிட்டேன்மா. சந்தேகப்பட்டது அவருதான்” என்று அவளிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: என் தப்பைத் திருத்த, என் பெயரைச் சொல்லிக்கொண்டு அவர் ஓடிய அந்த ஓட்டம்.