அண்ணனுக்குப் பிறகும் ஒருத்தி

எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். முதல் நான்கும் பெண்கள், ஐந்தாவது அண்ணன். ஆண் பிள்ளைக்காகப் பெற்றுக்கொண்டே போனார்கள் என்று ஊர் சொல்லும் காரணம் அண்ணனோடு முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகும் நான் பிறந்தேன்.

பாலக்கரையில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். ஒருநாளும் நாங்கள் முழுப் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் இரண்டாம் முறை சோறு கேட்பதற்கு முன் பானையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்போம்.

எட்டாம் வகுப்பில் மக்கள்தொகைப் பெருக்கம் என்று ஒரு பாடம் வந்தது. புத்தகத்தில் பூமி உருண்டையின் படம். அதன் மேல் மனிதர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஓரத்தில் சிலர் பிடி நழுவி விழுகிறார்கள். டீச்சர் எங்களைக் கை தூக்கச் சொன்னார். வீட்டில் ஒரு பிள்ளை உள்ளவர்கள், இரண்டு, மூன்று என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆறு என்றபோது நான் மட்டும் தூக்கினேன்.

"எல்லா வீட்லயும் இப்படிப் பெத்துக்கிட்டே போனா அத்தனை வாய்க்கும் சோறு எங்கேருந்து வரும்? நிலம் என்ன வளரவா செய்யும்?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கரும்பலகைப் பக்கம் திரும்பித்தான் சொன்னார். வகுப்புதான் என்னைப் பார்த்தது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

அன்று ராத்திரி அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பானையைச் சுரண்டுவதைப் பார்த்தேன். தினமும் நடப்பதுதான். அன்றுதான் அது என் கண்ணில் பட்டது. எனக்குப் போட்டதுதான் அவளுக்குக் குறைகிறது என்று தோன்றியது. அடுத்த நாளிலிருந்து, கரண்டி என் தட்டுக்கு வந்ததுமே "போதும்மா" என்று சொல்ல ஆரம்பித்தேன். வயிற்று வலி என்றேன், ஸ்கூலில் ஒரு பெண் முறுக்கு கொடுத்தாள் என்றேன். ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டாவது அக்காதான் என் பாவாடை நாடாவை நான் வரவர இறுக்கிக் கட்டுவதைக் கவனித்தாள். அவள் கேட்டபோதும் மழுப்பிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, தெருக்குழாயில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது அம்மாவின் மடியில் கிடந்தேன். பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. வீட்ல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்லைங்க" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் முகம் சுருங்கியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் வீட்டில் நானும் அம்மாவும்தான். டாக்டர் சொன்னாரென்று முருங்கைக் கீரை வாங்கி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதுக்குடி சாப்பிடாம கெடந்த? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

டீச்சர் கேட்டது, புத்தகத்துப் படம், அதில் விழுகிறவர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். "நான் பொறக்காம இருந்திருந்தா உனக்கு இன்னும் கொஞ்சம் சோறு இருந்திருக்கும்ல?" என்றேன்.

அவள் கை நின்றது. அறையப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீ வயித்துல இருக்கறப்ப வேணாம்னுதான் நெனச்சேன்" என்றாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போயி வரிசையில உக்காந்தேன். உங்கண்ணன் கைக்குழந்தை. பசியில கத்துனான். அவனுக்குப் பால் குடுக்க வெளியில வந்தேன். திரும்ப உள்ள போக மனசு வரல. அவ்வளவுதான்."

"அப்புறம் வருத்தப்பட்டியாம்மா?"

"பட்டேன். அரிசி இல்லாத நாளெல்லாம் பட்டேன். அரிசிப் பானையப் பாத்துப் பட்டேனே தவிர, உன்னப் பாத்துப் படல." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "உலகத்துக்கு எப்படிச் சோறு போடறதுன்னு டீச்சர் யோசிக்கட்டும். யோசிக்க வேண்டியதுதான். அதுக்கு நீ ஏன்டி பட்டினி கெடக்கணும்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த இரண்டாவது அக்காவிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் அக்கா அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "இனிமே எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். இருக்கறத எட்டாப் பிரிப்போம்" என்றாள். அம்மா எவ்வளவோ மறுத்தும் விடவில்லை. அதுதான் அதன்பிறகு எங்கள் வீட்டு வழக்கம் ஆனது.

காலம் போயிற்று. யாரும் எங்களுக்கு உத்தரவு போடவில்லை. ஆனாலும் அக்காமார்கள் ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரே மகள். காட்டூரில் நாங்கள் வீடு கட்டியபோது பின்சுவரை ஒட்டி நெல் வயல் இருந்தது. இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள். என் வீடும் யாரோ நெல் விளைவித்த மண்ணில்தான் நிற்கிறது. டீச்சர் கேட்ட கேள்வியைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசி இரண்டு வருஷம் அம்மா ஸ்ரீரங்கத்தில் பெரியக்கா வீட்டில் படுக்கையில் கிடந்தாள். ஆறு பேரும் முறை வைத்துக்கொண்டு பார்த்தோம். ஒருத்தருக்கு முடியாவிட்டால் இன்னொருத்தர் போய் நிற்போம். போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அஸ்தி கரைத்த அன்று, ஸ்ரீரங்கத்து ஆற்றங்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் என் மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள். "ஆயாவப் பாத்துக்க மாத்தி மாத்தி ஆறு பேர் இருந்தீங்க. நாளைக்கு உனக்கு நான் ஒருத்திதானேம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாடி" என்றேன். "எப்படிச் சமாளிப்பேன்னு பயமா இருக்கு" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனும் அக்காமார்களும் தலையைத் துவட்டியபடி ஒவ்வொருவராகப் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.